வார்டிலிருந்து வந்த தலைவர்

ரஃபீக்கா பல்கலைக்கழகத் தலைவர் தேர்தலில் நிற்கிறாள் என்ற செய்தி, அவள் மனுவைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கி வருவதற்குள் சட்டப் பீடத்து வாசலிலிருந்த காப்பிக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே நடு மேஜையில் பேராசிரியர் ஸலாஹுத்தீன் உட்கார்ந்திருந்தார். சட்டப் பீடத்தின் தலைமை அவர் கையில். அதே தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பே மனுப்போட்டவரும் அவர்தான். வெள்ளை மீசை, இஸ்திரி கலையாத சட்டை, எதையும் நாலு பேர் சிரிக்கும்படி சொல்லும் நாக்கு.

"நம்ம பல்கலைக்கழகத்துக்குக் காய்ச்சல்னு யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே! நர்ஸம்மா தெர்மாமீட்டரோட வர்றாங்களாம்!" என்றார்.

கடையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ரஃபீக்கா உள்ளே வந்துவிட்டாள். ஐம்பத்து நாலு வயது, குள்ளமான உருவம், வேகமான நடை. ஒரு காப்பி சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பி, அங்கே ஆண்களை மரியாதையாக அழைக்கும் 'சி' சேர்த்துப் பேசினாள்.

"காய்ச்சல் எல்லாம் இல்ல, சி ஸலாஹ். நாலு வருஷமா ஒரே பக்கமாப் படுத்துக் கிடக்குது. முதுகுல புண்ணு வந்திருக்கும். யாராவது திருப்பிப் போடணும் இல்லையா?"

இப்போதும் கடை சிரித்தது, இந்த முறை வேறு பக்கமாக. ஸலாஹுத்தீன் மீசையைத் தடவிக்கொண்டார். "சரிதான். பிரச்சாரம் ஆரம்பிச்சாச்சு" என்று மட்டும் சொன்னார்.

அல்ஜீரிய எல்லையை ஒட்டிய மலைக்காட்டில், தக்கை மரங்களைக் காவல் காத்த ஒருவரின் மகள் ரஃபீக்கா. இருபத்தொரு வயதில் வட்டார மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்தாள். பதினோரு வருஷம் அங்கேயே இருந்தாள். பாம்பு கடித்தவர்கள், டிராக்டரில் சிக்கியவர்கள், பிரசவ வலியோடு கழுதை மேல் வந்தவர்கள் என்று வடமேற்கு மலைகளின் துன்பமெல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் வந்தது. வேலையோடு வேலையாக ரயிலேறித் தலைநகரமான துனிஸுக்குப் போய் மேல்படிப்புப் படித்தாள். அந்த ரயிலில் டிக்கெட் பார்க்க வந்த தாஹர், மூன்றாம் மாதத்திலிருந்து அவளிடம் டிக்கெட் கேட்பதை விட்டுவிட்டுப் பாடம் என்ன ஆச்சு என்று கேட்க ஆரம்பித்தான். கல்யாணம் ஆனது. மலைக் கிராமத்துத் தாய்மார்கள் ஏன் இவ்வளவு தாமதமாக மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று ஆராய்ந்து நாற்பத்தொரு வயதில் டாக்டர் பட்டம் வாங்கினாள். பழைய ராணுவக் குடியிருப்பின் மூன்று அறைகளில் ஈரம் ஒழுகிக் கிடந்த செவிலியர் கல்லூரிக்கு ஆசிரியையாக வந்தாள். அதன் இயக்குநரானாள். பத்து வருஷத்தில் அதற்கு இரண்டு மாடிக் கட்டடம் எழுந்தது, முந்நூறு மாணவர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

அதோடு நின்றிருக்கலாம். நிற்க விடாதது ஒரு சின்ன விஷயம். தேர்தல் வந்த வருஷம் பல்கலைக்கழகப் பேரவையில் ஒரு காகிதம் சுற்றுக்கு வந்தது. முதலாண்டு சேர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் இரண்டாம் ஆண்டுக்கு வரவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் தள்ளினார்கள். "இவங்கல்லாம் எங்க போனாங்க?" என்று ரஃபீக்கா கேட்டாள். "விவரம் வந்ததும் பார்க்கலாம், லல்லா" என்றார் அப்போதைய தலைவர், பெண்களை அங்கே மரியாதையாக அழைக்கும் சொல்லால். வார்டில் ஒரு கட்டில் காலியாக இருந்தால், அதில் படுத்திருந்த ஆள் எங்கே என்று தெரியும்வரை ஒரு நர்ஸும் வீட்டுக்குப் போக மாட்டாள். இங்கே ஆயிரத்து இருநூறு கட்டில் காலியாக இருந்தது. யாரும் தேடப் போகவில்லை.

ஓட்டுக் கேட்டு ஒவ்வொரு கல்லூரியாகப் போனாள். பொறியியல் கல்லூரிக் கூட்டத்தில் வயதான ஒரு பேராசிரியர் எழுந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. சட்டம், பாலம் கட்டறது, அரபு இலக்கியம், விவசாயம். இதுல உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது, சி மொக்தார்."

 பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

"அவசரப் பிரிவு வாசல்ல நின்னப்பவும் வர்றவங்களுக்கு என்ன நோய்னு எனக்குத் தெரியாது. யாரை முதல்ல பார்க்கணும்னு தெரியும். யார் இன்னும் ஒரு மணி நேரம் தாங்குவாங்கன்னு தெரியும். எந்த டாக்டரைக் கூப்பிடணும்னு தெரியும், வரலேன்னா எப்படி இழுத்துட்டு வரணும்னும் தெரியும். பாலம் நீங்க கட்டுங்க. உங்க லேபுல மெஷின் ஓடலேன்னு ஆறு கடுதாசி போட்டீங்களாமே, அதைத் தூக்கிட்டு நான் ஓடறேன்."

தேர்தல் நாளன்று ஓட்டுரிமை உள்ள ஆசிரியர்கள் நூற்றுப் பதினாறு பேரும் ஓட்டுப் போட்டார்கள். ஸலாஹுத்தீனுக்கு ஐம்பத்தாறு. ரஃபீக்காவுக்கு ஐம்பத்தொன்பது. ஒன்று செல்லாத ஓட்டு.

முடிவு வந்தபோது தாஹர் வேலையில் இருந்தான். இப்போது அவன் அந்த ஊர் ரயில் நிலையத்தின் தலைமை அதிகாரி. போனைக் கீழே வைத்துவிட்டு ஒலிபெருக்கியை எடுத்தான். "பயணிகள் கவனத்துக்கு. துனிஸ் செல்லும் வண்டி வழக்கம்போல நாற்பது நிமிஷம் தாமதம். அதுக்காக வருத்தப்படறோம். என் பொண்டாட்டி பல்கலைக்கழகத் தலைவர் ஆயிட்டா. அதுக்காக வருத்தப்படல!" நடைமேடையில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெண்கள், ஆள் யாரென்று தெரியாமலே குலவையிட்டார்கள். சாயங்காலம் இதைக் கேட்ட ரஃபீக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"உன்னை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க, தாஹர்."

"தூக்கட்டும். நீதான் இப்ப தலைவராச்சே. எனக்கு ஒரு வாட்ச்மேன் வேலை போட்டுக் குடு."

பதவியேற்ற மறுநாளே ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தாள். காலை ஏழே முக்காலுக்கு எல்லாக் கல்லூரித் தலைவர்களும் அவள் அறையில் நிற்க வேண்டும். நாற்காலி கிடையாது. ஒவ்வொருவரும் நேற்று நடந்ததில் மிக மோசமான ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷத்தில் கூட்டம் முடிந்துவிடும். வார்டில் ஒரு ஷிப்டு போய் அடுத்த ஷிப்டு வரும்போது நர்ஸுகள் செய்வது இதுதான். பேராசிரியர்கள் முணுமுணுத்தார்கள். "எங்களை ஊசிக்கு நிக்கற வரிசை மாதிரி நிக்க வைக்கிறா" என்றார்கள். ஸலாஹுத்தீன் ஒரு நாளும் தவறாமல் வந்தார். ஜன்னலோரமாக நின்று, "சட்டப் பீடத்தில் எல்லாரும் சௌக்கியம்" என்று தினமும் அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பரில் ஒரு நாள் மதியம் மபரூக்கா போன் பண்ணினாள். பெண்கள் விடுதியின் காப்பாளர் அவள். முன்பு அவசரப் பிரிவில் ரஃபீக்காவோடு வேலை பார்த்தவள்.

"ஏ ரஃபீக்கா, பிள்ளைங்க தட்டை அப்படியே திருப்பி அனுப்புதுங்க. அதுவும் கஃப்தாஜி போட்ட அன்னிக்கு! முட்டையும் மிளகாயும் பொரிச்ச வாசனைக்கே ஓடி வர்ற கூட்டம், இன்னிக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுது. ஒருத்தி கண்ணு எனக்குப் பிடிக்கல."

"என்ன நிறம்?"

"நீயே வந்து பாரு. நான் சொன்னா அப்புறம் அது நிஜமாயிடும்."

ரஃபீக்கா கையெழுத்துக்கு வந்த கோப்புகளை மூடிவிட்டுப் போனாள். மபரூக்கா காட்டிய பெண்ணை ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்து வந்து கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். எலுமிச்சை நிறம். பக்கத்து அறையில் இன்னொருத்தி. மாடியில் மூன்று பேர். சாயங்காலத்துக்குள் பதினோரு பேர், மறுநாள் இருபத்து மூன்று. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தண்ணீராலும் கை அழுக்காலும் பரவுகிற மஞ்சள் காமாலை.

முடிவு வந்த அரை மணி நேரத்தில் மாகாண அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டார். பன்னிரண்டு நாளில் ஓர் அமைச்சர் புது அரங்கத்தைத் திறக்க வருவதாக இருந்தது.

"லல்லா ரஃபீக்கா, 'தொற்று'ங்கற வார்த்தை மட்டும் வேண்டாம். 'வயிற்றுக் கோளாறு'ன்னு போடுங்க. ஊர் பதறும்."

"வயித்துக் கோளாறுன்னு போட்டா யாராவது கை கழுவுவாங்களா? வயித்தைத் தடவிக்கிட்டுப் படுத்துக்குவாங்க."

"அறிவிக்கற அதிகாரம் உங்களுக்கு இல்ல. உணவுக்கூடத்தை மூடவும் மேலிடத்து உத்தரவு வேணும். மீறினா விளைவு உங்க தலைமேல. பார்த்துக்குங்க."

ரஃபீக்கா போனை வைத்தாள். வார்டில் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவள் கை தானாக அறியும். இந்த நாற்காலியில் எது தன் அதிகாரம், எது இல்லை என்று தெரியவில்லை. மூன்று ஓட்டில் வந்தவள். தவறாக ஒரு காகிதம் போட்டால் போதும், மூன்றே நாளில் இறக்கிவிடுவார்கள். பயமாகத்தான் இருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஸலாஹுத்தீன், கையில் ஒரு தடித்த புத்தகத்தோடு.

"உட்காரச் சொல்ல மாட்டீங்களா? ஓ, உங்க ரூம்ல நாற்காலி தடையாச்சே."

"உட்காருங்க, சி ஸலாஹ். இன்னிக்கு விளையாட வேண்டாம்."

அவர் உட்காரவில்லை. புத்தகத்தை அவள் முன்னால் விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். "நான் உங்களுக்கு ஓட்டுப் போடல. இன்னிக்கு வெச்சாலும் போட மாட்டேன். ஆனா இதைப் படிங்க. வளாகத்துல இருக்கறவங்க உயிருக்கு ஆபத்துன்னா, தலைவர் யாரையும் கேக்காம வகுப்பையோ உணவுக்கூடத்தையோ நிறுத்தலாம், காரணத்தை வெளிப்படையா அறிவிக்கலாம். முப்பது வருஷமா நான் நடத்தற பாடம். உங்களுக்கு போன் பண்ணின ஆளும் எங்கிட்டதான் படிச்சான். இந்தப் பாடத்துல ரெண்டாந் தடவைதான் பாஸானான்."

ரஃபீக்கா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு நிமிர்ந்தாள். "அறிவிப்பை நீங்களே எழுதித் தர்றீங்களா?"

"எழுதிட்டேன்" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அதில் 'தொற்று' என்ற வார்த்தை நாலு இடத்தில் இருந்தது.

அன்று மாலையே உணவுக்கூடம் மூடப்பட்டது. செவிலியர் கல்லூரியின் முந்நூறு மாணவர்களையும் கல்லூரி முற்றத்தில் கூட்டினாள். இந்த நோய் உடம்பில் புகுந்து கண் மஞ்சளாக நாலு வாரம் ஆகும். அதனால் நேற்றுத் தின்றதைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. அக்டோபரில் எங்கே தின்றார்கள், எதைக் குடித்தார்கள் என்று ஒவ்வொரு நோயாளியிடமும் கேளுங்கள். அதோடு விடுதி, வாடகை அறை, மாமா வீடு என்று ஒரு கதவு விடாமல் தட்டி, புதிதாக யாருக்காவது கண் மஞ்சளா என்று பாருங்கள் என்றாள். ஜோடி ஜோடியாகப் பிரிந்து போனார்கள். இலக்கியம் படிப்பவர்கள் சுவரொட்டி எழுதினார்கள். விவசாயக் கல்லூரிக்காரர்கள் வளாகத்துத் தண்ணீர்த் தொட்டிகள் எல்லாவற்றுக்கும் குளோரின் போட்டார்கள். சி மொக்தார் தன் பொறியியல் மாணவர்களோடு சாக்கடை வரைபடத்தைத் தரையில் விரித்துத் தவழ்ந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பதில் கிடைத்தது. நோய் வந்த அத்தனை பேரும் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் உணவுக்கூடத்தில் சாப்பிட்டவர்கள். அந்த வாரம் ஊரில் ஐந்து நாள் குழாய்த் தண்ணீர் வரவில்லை. உணவுக்கூடப் பொறுப்பாளரை ரஃபீக்கா தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு அழுதேவிட்டார்.

"பழைய கிணத்துல மோட்டார் போட்டேன், லல்லா. தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஆயிரம் பிள்ளைங்க பசியோட நிக்கறப்ப கூஸ்கூஸை எதுல வேக வைக்கறது, குடிக்க எதைக் குடுக்கறது?"

"கிணத்தைத் திறந்தது தப்பு. சொல்லாம இருந்தது அதைவிடத் தப்பு. இப்ப சொல்லிட்டீங்க. கண்ணைத் துடைங்க, அந்தக் கிணத்தைக் காட்டுங்க."

கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கட்டடத்தின் கழிவறை. சி மொக்தார் அதில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினார். மறுநாள் காலை, கிணற்றைச் சுற்றி இருநூறு பேர் நிற்க, வாளி மேலே வந்தது. தண்ணீர் புதினா சர்பத் மாதிரி பச்சைப் பசேலென்று இருந்தது.  சி மொக்தார் வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். கோப்பை வென்றவர்களைப் போல மாணவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அன்றைக்கே கிணற்றை மூடி, கழிவறைக் குழாயைத் தோண்டி மாற்றினார்கள்.

ஆனாலும் மருத்துவமனையில் அறுபது பேர் படுத்திருந்தார்கள். காலைக் கூட்டம் முடிந்ததும் ரஃபீக்கா தினமும் அங்கே போனாள். ஒன்பதாம் நாள், கணிதம் படிக்கும் சிஹாம் என்ற பெண்ணின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாந்தி நின்றுவிட்டது, நாளை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் இளம் டாக்டர். சிஹாமும் சிரித்தபடிதான் இருந்தாள். அந்தச் சிரிப்பு ரஃபீக்காவுக்குச் சரியாகப் படவில்லை.

"இன்னிக்கு என்ன கிழமை, கண்ணு?"

"வியாழன். அம்மா சந்தைக்குப் போயிருக்காங்களே."

அன்று திங்கட்கிழமை.

"கணக்குப் பிள்ளையாச்சே நீ. பதினேழை எட்டால பெருக்கு."

சிஹாம் மறுபடி சிரித்தாள். விடை வரவில்லை.

"ரெண்டு கையையும் நீட்டு. போலீஸ்காரர் வண்டியை நிறுத்தற மாதிரி."

நீட்டிய கைகள் மணிக்கட்டில் தளர்ந்து விழுந்து எழுந்தன, சிறகு அடிப்பதுபோல. பதினோரு வருஷத்தில் ரஃபீக்கா அதை இரண்டு முறைதான் பார்த்திருந்தாள். இரண்டு பேருமே பிழைக்கவில்லை. கல்லீரல் கைவிட்டு, விஷம் மூளைக்கு ஏறுகிறது என்று அர்த்தம்.

"ராத்திரி சரியாத் தூங்கியிருக்க மாட்டா, மேடம். அதான் குழப்பம்" என்றார் டாக்டர்.

"டாக்டர், இந்த வார்டுல நான் தலைவரும் இல்ல, நர்ஸும் இல்ல. நோயாளியைப் பார்க்க வந்தவ. ஆனா ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு இப்பவே பார்த்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். வேணும்னா நாற்காலியோட தூக்கிட்டுப் போங்க."

நாற்பது நிமிஷத்தில் முடிவு வந்தது. ரத்தம் உறையவே மாட்டேன் என்கிறது என்று படித்த டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. ரஃபீக்கா அவரைத் திட்டவில்லை, திட்ட நேரமும் இல்லை. தலைநகரத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அவர் போன் பண்ணினார். பக்கத்தில் நின்று, அவர் விட்ட விவரங்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மதியம் ஒரு மணிக்கு முன்பே ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவள் வாசலை விட்டுத் திரும்பினாள். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுவரைக்கும் நான் அதைப் பார்த்ததே இல்ல, மேடம்" என்றார் டாக்டர், பக்கத்துப் படியில்.

"இப்ப பார்த்துட்டீங்க. உள்ள போய் மிச்சப் பேர் எல்லாரையும் கையை நீட்டச் சொல்லுங்க."

அவர் ஒருவர் விடாமல் பார்த்தார். வேறு யாருக்கும் அந்த நடுக்கம் இல்லை. ஐந்தாம் நாள் தலைநகரத்திலிருந்து சிஹாமின் அம்மா கூப்பிட்டாள். மலைப்பேச்சில் அழுகையும் சிரிப்புமாக ஒரே ஒரு செய்தி: "பொண்ணு கண்ணைத் திறந்து, டாக்டரோட கணக்குல தப்பு கண்டுபிடிச்சுட்டா, லல்லா!"

மொத்தம் தொண்ணூற்று நாலு பேருக்கு நோய் வந்தது. ஒருவர்கூடச் சாகவில்லை. தேர்வுகள் ஒரே ஒரு வாரம் தள்ளி நடந்தன. அமைச்சர் ஜனவரியில் வந்து அரங்கத்தைத் திறந்தார். இதற்கிடையில் வேறொன்றும் நடந்திருந்தது. கதவு கதவாகத் தட்டிய மாணவர்கள், மஞ்சள் கண்ணோடு சேர்த்து, படிப்பை விட்டுக் காணாமல் போகவிருந்தவர்களையும் கண்டுபிடித்திருந்தார்கள். பேருந்து கிடைக்காதவர்கள், பிரெஞ்சு மொழியில் நடந்த வகுப்பு புரியாமல் அழுதவர்கள், பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு யாராவது போகாதே என்று சொல்வார்களா என்று காத்திருந்தவர்கள். ரஃபீக்கா கதவு தட்டுவதை நிறுத்த விடவில்லை. முதலாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் மூத்தவர் ஒருவர், வாரம் ஒருமுறை. மூன்றாம் வருஷம் பேரவைக்கு அதே காகிதம் வந்தபோது, போனவர்கள் பத்தில் ஒருவர்தான். அந்தப் பத்தில் ஒருவரும் எங்கே இருக்கிறார் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது.

பதவிக்காலம் முடிந்து மறுபடி தேர்தல் வந்தது. எதிர்த்து நிற்க ஆளே இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைசி நாள் ஸலாஹுத்தீன் மனுப்போட்டார். ரஃபீக்கா நேராக அவர் அறைக்கே போனாள்.

"என்ன சி ஸலாஹ், இன்னும் ஆசை விடலையா?"

"ஆள் இல்லாத பந்தயத்துல ஓடி ஜெயிச்சாங்கன்னு நாளைக்கு எவனும் உங்களைச் சொல்லக் கூடாது. ஒழுங்கா ஒருத்தனைத் தோற்கடிச்சுட்டுப் போங்க."

அரங்கம் நிறைந்திருந்தது. சுவரோரமாக மாணவர்களும், மபரூக்காவும், உணவுக்கூடத்துக்காரர்களும் நின்றார்கள். தேர்தல் அதிகாரி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். ரஃபீக்காவுக்கு நூற்று ஏழு. ஸலாஹுத்தீனுக்கு ஒன்பது.

மபரூக்காவின் குலவை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. பொறியியல் மாணவர்கள் மேஜையைத் தட்டினார்கள். சி மொக்தார் தன் வயதை மறந்து நாற்காலி மேல் ஏறி நின்றார். அந்த அமளிக்கு நடுவே ஸலாஹுத்தீன் எழுந்து, முகம் சிவக்க, மேடையைப் பார்த்துக் கத்தினார்.

"ஒன்பதா? எப்படி ஒன்பது? நானே எனக்குப் போடலையே! எந்த ஒன்பது மடையனுங்க அது?"

அரங்கம் அடங்கி, அவர் சொன்னது புரிந்ததும் மறுபடி வெடித்தது. ரஃபீக்கா மேடையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்காமலே இறங்கி வந்து, இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.